வியாகுலம் பார்த்துக்கொண்ட கார்

வியாகுலத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் மேல்தளத்தில், டெக்கில் வேலை பார்த்தவர். ஆள் நிற்க முடியாத ஆட்டத்திலும் கயிறு வீசிக் கட்டுவார். ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அந்த வீட்டில் கார் ஓட்டுகிறவர் அவர் மனைவி கிளாரா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் லம்பா லைன் பகுதியில் எல்லோருக்கும் அவர் கிளாரா சிஸ்டர்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, அவர்கள் வீடு கீழே. பள்ளி டீச்சரான நான் மாடியில் துணி காயப்போட நின்றால் அவர்கள் முற்றமும், ஓரத்தில் தகரக் கொட்டகையும், அதற்குள் நிற்கும் வெள்ளை மாருதி எண்ணூறும் தெரியும். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடமிருந்து கிளாரா வாங்கியது. அப்போதே பழைய வண்டி. எங்கள் தெருவில் அதற்குப் பிறகு வந்த கார்கள் எத்தனையோ உப்புக்காற்றில் அரித்துப்போய்ப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் கிளாராவின் கைதான். மழைக்குள் போய் வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். வெயில் தலைகாட்டினால் போதும், நான்கு கதவையும் திறந்து போட்டுவிடுவார்.

போன வருடம் மே மாதம் மகள் சுஜிதாவின் பிரசவத்துக்காகக் கிளாரா சென்னைக்குக் கிளம்பினார். ஜூலையில் குழந்தை பிறக்கும், கிறிஸ்துமஸுக்கு முன் திரும்பிவிடலாம் என்று கணக்கு. அதாவது எங்கள் ஊரின் மழைக்காலம் முழுக்க அவர் இருக்கமாட்டார். எங்களுக்குக் குளிர்காலம் என்று தனியாக எதுவும் கிடையாது. மே பாதியில் ஒரு மழை தொடங்கும். அது ஓய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும், டிசம்பர் வரைக்கும் சுவர் காயாது. அலமாரியில் வைத்த தோல் செருப்பு பச்சை பிடிக்கும். உப்பு ஜாடி தண்ணீராகும்.

ஆட்டோ வந்து நிற்கும்போதுகூட கிளாரா கொட்டகையில்தான் நின்றார். நான் வழியனுப்ப இறங்கிப் போயிருந்தேன்.

"ஹேண்ட் பிரேக்கு போடல. இந்த ஈரத்துல ஒட்டிக்கிடும். கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்கேன். வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுங்க. வெயிலடிச்சா கதவத் தொறந்து போடுங்க. பிளாஸ்டிக் போட்டு மூடிறாதீங்க, கேட்டீங்களா?" என்றார்.

வியாகுலம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கப்பலில் காப்டன் பேசும்போது இப்படித்தான் ஆட்டியிருப்பார் போல. பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, விமான நிலையம் வரை போய் விட்டுவிட்டு, மதியம் தனியாகத் திரும்பி வந்தார்.

மறுநாளே நல்ல மழை. கொட்டகைக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது. காற்று மேற்கிலிருந்து அடித்தால் சாரல் காரின் மேல் நேராக விழும். அதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் வாங்கி வந்தார். காரைத் தலையிலிருந்து சக்கரம் வரை போர்த்தி, அடியில் கயிறு விட்டு, ஹட்ச் மூடுவது போல இறுக்கிக் கட்டினார். சரக்கறைக்கு மேலே போடுகிற மூடியைத்தான் அவர்கள் ஹட்ச் என்பார்கள். அதற்குள் சொட்டுத் தண்ணீர் போகாமல் கட்டுவது அவருடைய வேலையாக இருந்தது. நான் மாடியிலிருந்து பார்த்து, சிஸ்டர் மூட வேண்டாம் என்றாரே என்று கேட்டேன். அது மெல்லிசு பிளாஸ்டிக்கைச் சொன்னது, இது கப்பல் தார்ப்பாய், புயலே வந்தாலும் உள்ளே ஈரம் போகாது என்றார். அவருக்கு அதில் பெருமைகூட இருந்தது. முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்ததால் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வதையும் தள்ளிப்போட்டார்.

ஒரு மாதம் விடாமல் பெய்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் வந்த நேரம், வெயில் பளிச்சென்று அடித்தது. தார்ப்பாயை அவிழ்த்தார். வெளியே கார் வெள்ளைவெளேரென்று புதிதாக நின்றது. நானும் மாடியில் நின்று பார்த்தேன். கதவைத் திறந்தவர் அப்படியே பின்னால் நகர்ந்தார்.

நான் கீழே போவதற்குள் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங் முழுக்கப் பூஞ்சணம், பூனைக்குட்டியின் முதுகு போல. சீட்டில் வட்டவட்டமாகச் சாம்பல் நிறம். சீட் பெல்ட் பச்சையாகிவிட்டது. கண்ணாடியில் கிளாரா தொங்கவிட்டிருந்த ஜெபமாலையின் மரமணிகள்கூடப் பூத்திருந்தன. பழைய கிணற்றுக்குள் தலையை விட்டது போல ஒரு வாடை. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, அது உண்மைதான். ஆனால் தரையிலிருந்து ஏறிய ஓதம் வெளியே போக வழி இல்லாமல் ஒரு மாதம் உள்ளேயே கிடந்து வெந்திருக்கிறது.

"அவ ஒரே ஒரு காரியம் செய்யாதீங்கன்னு சொன்னா டீச்சர்," என்றார். 

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சீட்டுகளின் போல்ட்டைக் கழற்றி ஒவ்வொன்றாக முற்றத்துக்குத் தூக்கி வந்தார். மிதியடிகளைக் கொடியில் போட்டார். வினிகரில் துணியை நனைத்து ஒவ்வொரு மூலையாகத் துடைத்தார். ஜெபமாலையைத் தனியாக எடுத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் மணி மணியாகத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தார். அதற்குப் பிறகு தார்ப்பாய் காரின் மேல் ஏறவே இல்லை. கொட்டகையின் மேற்குப் பக்கம் திரையாகக் கட்டப்பட்டது. சாரலை அது தடுத்தது, காற்று மற்ற பக்கங்களில் போய் வந்தது.

வெயில் இல்லாத நாட்களுக்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டிலிருந்து நீள வயர் இழுத்து, மேஜை விசிறியை ஜன்னல் வழியாகக் காருக்குள் வைத்துவிடுவார். காலையில் டீ குடித்துவிட்டு அதைப் போட்டால் மதியம் வரை ஓடும். சீட்டுக்கு அடியில் மண்சட்டிகளில் அடுப்புக்கரி. அது ஈரத்தைக் குடிக்கும் என்று பள்ளியில் யாரோ சொன்னதை நான்தான் அவரிடம் சொன்னேன். கரியையும் மறக்காமல் எடுத்து வறுத்துத் திரும்ப வைப்பார். அவருக்குத் தலைக்கு மேல் ஓடும் விசிறி ஒன்றுதான், அதுவும் மெதுவாகச் சுற்றுவது. நல்ல விசிறி காருக்குத்தான்.

மாலையில் சுஜிதா வீடியோ கால் போடுவாள். முதலில் மகள் வயிறு, பிறகு ஜூலைக்கு மேல் பேத்தியின் முகம், எல்லாம் காட்டிய பிறகு கிளாரா போனை வாங்கி, கார் எப்படி இருக்கிறது என்பார். வியாகுலம் போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய் பானெட்டைக் காட்டுவார், மேற்கூரையைக் காட்டுவார், நம்பர் பிளேட்டைக்கூடக் காட்டுவார். உள்ளே காட்டச் சொன்னால் சார்ஜ் இறங்கிவிட்டது, மழை வருகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஏதாவது ஒன்று. கிளாரா எனக்கும் ஒருமுறை போன் செய்து விசாரித்தார். காருக்கு ராஜ உபசாரம் நடக்கிறது என்றேன். பொய் இல்லைதானே.

ஆகஸ்டில், இறங்கிப்போயிருந்த பேட்டரியைச் சார்ஜ் செய்து வாங்கி வந்து மாட்டினார். அவரே உட்கார்ந்து சாவியைத் திருகினார். கியரில் போட்டிருப்பதாகக் கிளாரா சொன்னது அந்த நேரத்தில் நினைவில் இல்லை. சக்கரத்துக்கு வைத்த கல்லையும் துடைக்கும்போது எடுத்துவிட்டிருந்தார். கார் ஒரு குதி குதித்து முன்னால் பாய்ந்து, மழைத் தண்ணீர் பிடிக்கும் டிரம்மில் இடித்து நின்றது. சத்தம் கேட்டு நான் ஓடினால், முற்றமெல்லாம் தண்ணீர். டிரம் உருண்டு வாழை மரத்தடியில் கிடந்தது. அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் படவில்லை. பம்பரில் ஒரு குழி. நான் சிரித்துவிட்டேன், கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார். அதன் பிறகு போனில் நம்பர் பிளேட்டைக் காட்டுவதும் நின்றுபோனது.

இந்தக் கூத்தெல்லாம் அந்த நவம்பர் வரைக்கும்தான். ஒரு நாள் மிதியடியைத் தூக்கியபோது, ஓட்டுநர் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில் தகரம் பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாகக் கீழே மண் தெரிந்தது.

ஷாதிபூரில் பட்டறை வைத்திருக்கும் காத்தமுத்துவை வரவழைத்தார். ராமநாதபுரத்து ஆள். சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டதால் பாதித் தமிழ், பாதி இந்தி. டிங்கர் வேலையில், தகரம் தட்டி ஒட்டுவதில், கெட்டிக்காரர். காரை அவரே மெல்ல ஓட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே வியாகுலம் ஆட்டோவில் போனார். அன்று பள்ளி விடுமுறை, கடைத்தெருவில் எனக்கும் வேலை இருந்தது. அதே ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன்.

காத்தமுத்து காரைத் தூக்கி நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவின் அடி விளிம்பில் குத்தினார். உலர்ந்த பட்டிப் பூச்சு ஒரு கட்டியாக உடைந்து விழுந்தது. அதன் பின்னால் கதவுக்குள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் கொடகொடவென்று ஊற்றியது. மற்ற கதவுகளிலும் அப்படியே.

"அண்ணே, நீச்சே பூரா கல் கயா," என்றார். கீழே முழுக்க இற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். "கண்ணாடி வழியா எறங்குற தண்ணி வெளிய போறதுக்குத்தான் கம்பெனிக்காரன் கதவுக்கு அடியில ஓட்டை வச்சிருக்கான். இத எவனோ பட்டி வச்சு அடைச்சிருக்கான். தண்ணி போக எடமில்லாம கதவுக்குள்ள நிறைஞ்சு, உள்ள வழிஞ்சு, தரைக்குப் போயிருக்கு. இது இந்த வருசத்துத் துரு இல்ல. ஏழெட்டு வருசமா அரிச்சிருக்கு."

வியாகுலம் அந்தப் பட்டிக் கட்டியை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"நான்தான் அடைச்சேன்," என்றார்.

பிறகு எங்கள் இருவருக்கும் சொன்னார். வேலையில் இருந்தபோது ஒரு முறை இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறார். கிளாரா டியூட்டியிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். காருக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று தோன்றி, அடியில் படுத்துப் பார்த்தபோது கதவுக்குக் கீழே வரிசையாக ஓட்டைகள். இதன் வழியாகத்தானே ரோட்டுத் தண்ணீர் உள்ளே ஏறும் என்று, கப்பலிலிருந்து கொண்டு வந்த நல்ல பட்டியால் எல்லாவற்றையும் அடைத்து, தெரியாதபடி வெள்ளைப் பெயிண்டும் அடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

"டெக்ல விழுந்த தண்ணி போறதுக்குக் கப்பல்லயும் ஓட்டை இருக்கு டீச்சர். தினமும் காலைல அதக் குத்திச் சுத்தம் பண்றதே என் வேலைதான். அது எனக்கு அன்னைக்குத் தோணாமப் போச்சு பாருங்க."

காத்தமுத்து நேர்மையானவர். இதற்கு வேலை பார்ப்பதில் அர்த்தமில்லை, தகடு வெட்டி வைத்தாலும் வெல்டிங் பிடிக்கப் பக்கத்தில் நல்ல இரும்பு வேண்டும், இந்த வண்டியை உடைக்கப் போட்டுவிடுங்கள் என்றார். வியாகுலம் காரின் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுஜிதா பத்தாவது படிக்கறப்ப," என்று தொடங்கினார். "நாங்க கப்பலோட தெக்குக் கடைசித் தீவுல, காம்ப்பெல் பேல மாட்டிக்கிட்டோம். புயல் வார்னிங், கப்பல எடுக்க விடல. இங்க பிள்ளைக்குக் குடல்வால் வெடிச்சுப்போச்சு. பகல்லயே இருட்டிக்கிட்டு மழை. ஆட்டோ ஒண்ணும் வரல. இவ பிள்ளையப் பின்னால படுக்க வச்சு ஒத்தையா ஓட்டிட்டுப் போயிருக்கா. வழியில மரம் விழுந்து கெடக்கு, எறங்கி கொம்ப இழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கா. எனக்குக் கரைக்கு வந்தப்புறம்தான் தெரியும். பிள்ளை ஆஸ்பத்திரியில கஞ்சி குடிச்சிட்டிருக்கு. அன்னைக்கு நான் செய்ய வேண்டிய வேலைய இந்த வண்டிதான் செஞ்சுது. இத ஒடைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது தம்பி."

காத்தமுத்து தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு, துரு சுரண்டுவதற்குப் பட்டறையில் ஆள் இல்லை, அதை நீங்களே செய்வதானால் பார்க்கலாம் என்றார்.

துரு சுரண்டுவதா? கப்பலில் அது வியாகுலத்தின் பிழைப்பாகவே இருந்ததல்லவா. மறுநாளிலிருந்து அவர் டிபன் தூக்கோடு ஷாதிபூருக்குப் போக ஆரம்பித்தார். சுத்தியலும் கம்பி பிரஷ்ஷுமாகக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, பளபளப்பான இரும்பு தெரியும் வரை தட்டுவார். முகமெல்லாம் செம்பொடியோடு மாலையில் திரும்பி வருவார். இற்ற இடங்களைக் காத்தமுத்து வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். அதற்கு மேல், துருப்பிடிக்காமல் இருக்க, ரெட் ஆக்சைடு. அதற்கு மேல் என்ன பெயிண்ட் என்பதில் இருவருக்கும் வாக்குவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். வியாகுலத்தின் பக்கம் ஜெயித்தது. பழைய சிநேகிதர்களிடம் சொல்லி, கப்பல் டெக்குக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்ட் வாங்கி வந்து, காரின் உள்தரை முழுவதும் அடித்தார். கதவுகளின் அடி ஓட்டைகள் ஒவ்வொன்றையும் கம்பி விட்டுத் திறந்து, தண்ணீர் ஊற்றி, அது கீழே சொட்டுவதைக் குனிந்து பார்த்தார். முன் கண்ணாடிக்குக் கீழே இலை தேங்கும் பள்ளத்தையும் விடவில்லை.

டிசம்பரில் கிளாரா வந்த அன்று காரின் சீட்டுகள் இன்னும் பட்டறையில்தான் கிடந்தன. அதனால் வியாகுலம் ஆட்டோவில்தான் போய் மனைவியைக் கூட்டிவந்தார். வழியில் எதுவும் சொல்லவில்லையாம். வீட்டு வாசலில் நான் காபியோடு நின்றிருந்தேன். கொட்டகை காலியாக இருப்பதைக் கிளாரா பார்த்தார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

வியாகுலம் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தார். தார்ப்பாய், பூஞ்சணம், டிரம், தரையில் ஓட்டை.  முடிந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, காபியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஃபேன் வயரு கார் ஜன்னலுக்குள்ள போனத நான் ஜூன் மாசமே போன்ல பாத்துட்டேன்," என்றார். "எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். பம்பர் குழியும் ஒரு நாள் ஓரமாத் தெரிஞ்சுது. சுஜிதா சிரிச்சே செத்தா."

வியாகுலத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது. கதவின் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்ததையும் சொன்னார். அதைக் கேட்ட கிளாரா கோப்பையைத் திண்டில் வைத்தார். எந்த வருடம் என்று கேட்டார். அவர் சொன்னார்.

"அந்த ரெண்டு நாள் லீவுலயா? நான் எந்திரிச்சு வாரப்ப நீங்க கைகால் கழுவிட்டிருந்தீங்க. கடல்ல இருந்து வந்த மனுசன் வீட்டுல ஒரு வார்த்தை பேசாம எங்கயோ சுத்திட்டு வந்திருக்கீங்கன்னு அன்னைக்கு முழுக்க நான் கோவத்துல இருந்தேன். நீங்க அடியில படுத்து எனக்காக இதயா செஞ்சிட்டிருந்தீங்க?"

"கெட்ட வேலையாப் போச்சுல்லா அது," என்றார் அவர்.

"கெட்ட வேலைதான்," என்றார் கிளாரா. "சொல்லியிருந்தா அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இனிமே சொல்லிட்டுச் செய்யுங்க."

அவ்வளவுதான். உள்ளே போய் இரண்டு பேரும் சோறு பொங்கினார்கள். அடுத்த வாரம் கார் வந்தது. கிளாரா கதவைத் திறந்ததும் பச்சைத் தரையைப் பார்த்து, இது என்ன கப்பலா என்று கேட்டுச் சிரித்த சிரிப்பு எங்கள் மாடி வரை கேட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து, தரையைப் பாதத்தால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்து, ஸ்டீயரிங் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது என்றார். டிரம்மில் இடித்ததால் இருக்கும் என்றார் வியாகுலம்.

பிப்ரவரியில், வானம் வெளுத்து மழை முற்றிலும் விட்ட பிறகு, சுஜிதா குழந்தையோடு வந்தாள். ஞானஸ்நானம் இங்கேதான் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அன்று காலை பத்துபஸ்தி பக்கம் நெரிசல். கோவிலுக்குப் போகிற எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் அந்த வெள்ளைக் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. கிளாரா ஓட்ட, பக்கத்தில் சுஜிதா. பின் சீட்டில் வியாகுலம், வெள்ளைச் சட்டையோடு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முன்னால் குனிந்து கிளாராவிடம் ஏதோ சொல்வதும், கிளாரா திரும்பாமலே தலையை ஆட்டுவதும் பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கோவில் வாசலில் இறங்கும்போது என்ன சொல்லிக்கொண்டே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மெதுவாப் போன்னுதான்," என்றார். "பிள்ளை உறங்குதுல்லா."